செவலைக்கு மருந்து கொடுத்த கை

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இப்போது ஒரு மாத்திரை டப்பா இருக்கும். காலை, ராத்திரி என்று அறை அறையாகத் தடுத்தது. என் வீட்டு டப்பாவுக்கு மூன்று பேர் காவல். மகன் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு மாத்திரையை எடுத்து நீட்டுவான். மருமகள் அடுப்படியிலிருந்து தண்ணீரோடு வருவாள். பேத்தி, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் இன்னொன்றைப் பிதுக்குவாள். மூவருக்கும் என் மேல் பாசம். அந்தப் பாசத்தில் போன மாதம் ரத்த அழுத்த மாத்திரையை ஒரே காலையில் இரண்டு தடவை விழுங்கிவிட்டு, பகல் முழுவதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாளே சட்டம் போட்டுவிட்டேன். "இனிமே எனக்கு யாரும் மருந்து எடுத்துத் தரப்படாது. நானே போட்டுக்கிடுவேன். போட்டேனா இல்லையான்னு தெரியணும்னா என் கையைப் பாருங்க" என்று சொல்லி, ஒரு ரப்பர் பேண்டை வலது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். காலை மாத்திரை உள்ளே போனதும் அது இடது கைக்கு மாறும். ராத்திரி மாத்திரைக்குப் பிறகு மறுபடியும் வலது கைக்கு வரும். கிழவிக்குப் பிடிவாதம் கூடிவிட்டது என்று மருமகள் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். கூடவெல்லாம் இல்லை. ஐந்தாம் வகுப்பில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவேதான் இருக்கிறது. அப்போது எங்களிடம் ஒரு குதிரை இருந்தது.

மேலப்பாளையத்தில் பாளையங்கால்வாயை ஒட்டி எங்கள் வீடு. முன்னால் தெரு, பின்னால் லாயம், லாயத்துக்குப் பின்னால் வாய்க்கால். வாப்பா ரயில் ஜங்ஷனுக்கும் ஊருக்கும் குதிரை வண்டி ஓட்டினார். உம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பீடி சுற்றுவாள். வாப்பாவின் அக்கா, எங்கள் மாமி, புருஷன் மௌத்தான பிறகு எங்களோடுதான் இருந்தாள். குதிரை ஒரு பெட்டை. செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. செவலை என்றால் தெருவுக்கே தெரியும்.

அந்த வீட்டில் இருந்த எதுவும் இன்று என்னிடம் இல்லை. செவலையின் கழுத்தில் கிடந்த பித்தளை மணி, வியர்வையும் கொள்ளும் கலந்து மணக்கும் தோல் தீனிப்பை, வண்டிக்குள் விரித்த வைக்கோல் மெத்தை, எல்லாம் போய்விட்டன. பெட்டியில் மடித்து வைத்திருந்த பச்சைப் பட்டு விரிப்பு மட்டும் எந்த வருஷம் எப்படிப் போனது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்த விரிப்பு கந்தூரித் திருவிழாவுக்கு. எங்கள் தெருக்கோடித் தர்காவில் கந்தூரி கொடியேறும் நாளில், கொடியைச் சுமந்து தெருக்களைச் சுற்றி வருவது எங்கள் வீட்டுக் குதிரைதான். வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்து வந்த பாத்தியதை. மற்ற நாளெல்லாம் வாப்பாவை "ஏ வண்டி" என்று கூப்பிடுகிறவர்கள், அன்று ஒரு நாள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அந்த ஒரு நாளை வைத்துத்தான் அவர் மீதி வருஷத்தை ஓட்டினார் என்று இப்போது தோன்றுகிறது.

கொடிக் குதிரைக்குத் தீனி வைத்தால் நேர்ச்சை கபூலாகும், வேண்டியது பலிக்கும் என்பது ஊர் நம்பிக்கை. பிள்ளை வேண்டும் என்பவர்கள், சவூதிக்கு விசா வேண்டும் என்பவர்கள், காய்ச்சல் விடாதவர்கள் எல்லோரும் கந்தூரிக்கு முந்தைய நாட்களில் ஊறவைத்த கொள்ளோடு கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கிண்ணம் கிண்ணமாக எடுத்து வருவார்கள். இந்துத் தெருவிலிருந்தும் வருவார்கள். வாப்பாவுக்கு ஒரு குணம் உண்டு. எவர் முகத்துக்கு நேராகவும் இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழும்பாது. செவலைக்கோ வேண்டாம் என்று சொல்லவே தெரியாது. இரண்டு பேரும் நன்றாகச் சேர்ந்தார்கள்.

அந்த ஆனி மாதம் வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. காலையில் லாயத்துக்குள் போனால் செவலை விநோதமாக நின்றது. முன்கால்களை முன்னால் நீட்டி, உடம்புப் பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டு, உட்காரப் போவதுபோல் நின்றது. புல்லை நீட்டினேன். எட்டி வாங்க ஒரு எட்டு வைக்கவில்லை. முன்னங்குளம்பைத் தொட்டேன், சுட்டது.

வாப்பா முள் என்று நினைத்துக் குளம்பைத் தூக்கப் பார்த்தார். தூக்கவே விடவில்லை. பிறகு மாட்டாஸ்பத்திரி டாக்டர் தன் சைக்கிளில் வந்தார். இளவயசுக்காரர், எப்போதும் அடுத்த ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருப்பவர்.

"முள்ளு இல்ல பாய். தின்ன தீனி காலுக்கு எறங்கியிருக்கு. குளம்புக்குள்ள வீங்கிக் கெடக்கு. இவ்வளவு கொள்ளு யாரு போட்டா?"

"நேர்ச்சை சார். ஊரு போட்டது. வேண்டாம்னு நாம எப்படிச் சொல்ல?"

"நீங்க சொல்லாட்டா குதிரையா சொல்லும்?"

கொள்ளும் கருப்பட்டியும் அடியோடு கூடாது, புல் மட்டும்தான் என்றார். லாயத்தில் ஆற்று மணலைக் கொட்டி எந்நேரமும் ஈரமாக வைக்கச் சொன்னார். வண்டி கூடாது, நடை கூடாது. வலிக்கும் வீக்கத்துக்கும் ஒரு தூளுக்குச் சீட்டு எழுதினார். காலையில் ஒரு பொட்டலம், சாயங்காலம் ஒரு பொட்டலம், வயிற்றில் புல் கிடக்கும்போது கொடுக்க வேண்டும். "கூடக் குடுத்தா வெரசா ஆறாது பாய். வயிறு புண்ணாயிரும். குதிர வாந்தி எடுக்காது, தெரியும்லா? உள்ள போனது போனதுதான்."

இவ்வளவையும் வாப்பாவிடம் வாசலில் நின்று, ஒரு கால் சைக்கிள் பெடலில் இருக்கும்போது சொன்னார். வீட்டுக்குள் இருந்த ஒருவரிடமும் சொல்லவில்லை. வாப்பாவும் சொல்லவில்லை. மருந்து கொடுப்பது ஆம்பிளை வேலை, கேட்டதை அவர் செய்தால் போதும் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். வாப்பா தூளை வாங்கி வந்து வைத்துவிட்டு, சீட்டை மடித்து லாயத்துக் கூரைக் கம்பில் செருகிவிட்டு மணல் அள்ளப் போனார். நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆற்று மணல் தலையில் ஈரமாக ஒழுகிக் கழுத்துவழியே இறங்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டு மூன்று நாளில் செவலை கொஞ்சம் தேறியது. எட்டு வைத்துத் தண்ணீர்த் தொட்டிவரை போனது. வாப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. கொடிக்கு இன்னும் நாள் இருந்தது.

அப்புறம் அது தின்பதை நிறுத்தியது. வாயிலிருந்து நூலாக எச்சில் ஒழுகியது. அடிக்கடி கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. நான் உதட்டை மெல்லத் தூக்கினேன், ஈறெல்லாம் சிவந்து புண்ணாகக் கிடந்தது, ஒரு கெட்ட வாடை. சாணம் அள்ளப் போன உம்மா வாளியோடு திரும்பி வந்து வாப்பாவிடம் காட்டினாள். கறுத்துக் களிபோல் இருந்தது. "இது கால் நோவு இல்ல. டாக்டரைக் கூப்பிடுங்க" என்றாள்.

டாக்டர் வந்து வாயைப் பார்த்தார், வயிற்றில் காது வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"தூள் எப்படிக் குடுத்தீங்க பாய்?"

"அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுதேன் சார். நீங்க சொன்னபடி காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"அதுக்கு இப்படி ஆகாது. வேற யாராவது எதாவது குடுத்தீங்களா?"

லாயத்தில் வாப்பா, உம்மா, சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த எங்கள் மாமா, அதாவது உம்மாவின் தம்பி, பக்கத்துத் தெருப் பால்கார அண்ணாச்சி எல்லோரும் நின்றார்கள். கதவுக்குப் பின்னால் மாமி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. செய்த நன்மையை வெளியே சொன்னால் அந்த நன்மை நம் கணக்கில் நிற்காது என்பது எங்கள் வீட்டில் பாலோடு ஊட்டிய பாடம். அதனால் அந்த மௌனத்தில் கள்ளத்தனம் இல்லை. நல்ல மனசோடுதான் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

"ஏங்க, அது சாகக் கெடக்கு. சொல்லுங்க" என்றார் டாக்டர்.

முதலில் மாமியின் குரல் வந்தது. "நான் நிய்யத்து வச்சிருந்தேன். கொடிக் குதிரைக்கு என் கையால மருந்து குடுக்கணும்னு. கம்புல இருந்த சீட்டக் குடுத்துவிட்டு, டவுன் மருந்துக் கடையில தனியா வாங்குனேன். தொழுதுட்டு வந்து தவிட்டுல வச்சுக் குடுப்பேன்."

"எத்தன தடவ?"

"காலையிலயும் சாயங்காலமும்தான். சீட்டுல அப்படித்தான் போட்டிருக்குன்னு கடைக்காரர் சொன்னாரு." மாமி ஒரு தப்பும் செய்யவில்லை, எழுதியதை எழுதியபடி செய்திருந்தாள். அதே எழுத்தை வாப்பாவும் செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

மாமா தொண்டையைச் செருமினார். "நான் குடுத்தது சவூதி மாத்திர டாக்டர். எனக்கு முதுகு வலிக்கு அங்கன தந்தது. ஒரு கைப்பிடி பொடிச்சு கருப்பட்டியில வச்சேன். வெளிநாட்டு மருந்து, கெடுதல் செய்யாது."

பால்கார அண்ணாச்சி தலைத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவருடைய மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று அவருக்கு அந்தத் தர்காவில் ஒரு நேர்ச்சை இருந்தது. "நம்ம எருமைக்கு வாங்குன வலி மருந்து மிச்சம் கெடந்துச்சு சார். நாலுகால் சீவன்தானன்னு தண்ணியில கரைச்சு, மூங்கில் குழாயில தலையைத் தூக்கிப் புகட்டுனேன். கொஞ்சம் இருமுச்சு."

டாக்டர் கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். "உங்க நாலு பேரு நன்மையையும் அது ஒரே வயித்துல தாங்கணும்லா வே" என்றார். அதில் கோபம் பாதி, அழுகை பாதி. நான்கு பேரும் கொடுத்தது வலி மருந்துதான். இரண்டு வலி மருந்தே ஒரு வயிற்றில் சேரக் கூடாது. ஆளுக்குக் கொடுத்ததைக் குதிரைக்கும், எருமைக்குக் கொடுத்ததைக் குதிரைக்கும் கை அளவில் கொடுக்கக் கூடாது. தலையைத் தூக்கிப் புகட்டினால் மருந்து நெஞ்சுக்குள் போய்ச் சளி கட்டிவிடும். இதையெல்லாம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். முதல் நாளே இப்படி எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லியிருக்கலாம். பாவம், அவருக்கும் அன்றைக்குத்தான் புரிந்திருக்கும்.

எல்லா மருந்தையும் நிறுத்தினார். வயிற்றுப் புண்ணுக்குப் பால்போல் ஒரு மருந்து எழுதினார். அது ஆறத் தொடங்கிய பிறகு வலித்தூளை அவர் சொல்லும்போது, அவர் சொல்லும் அளவில் மறுபடியும் தொடங்க வேண்டும். "இனிமே மருந்து ஒரே கைதான் குடுக்கணும். யார் கை?"

வாப்பா முன்னால் வந்தார். உம்மா அவரைப் பார்த்தாள். எவராவது வந்து நானும் கொஞ்சம் கொடுக்கிறேன் என்றால் அவர் தலையாட்டிவிடுவார் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உம்மா கையில் பீடித்தூள் வாடை, செவலை கிட்டேயே வராது.

"நான் குடுக்கேன்" என்றேன்.

"பைய பேசுளா. பெரியவங்க பேசிட்டு இருக்கோம்லா" என்றார் மாமா.

"அவளே குடுக்கட்டும்" என்றாள் உம்மா. "அவளுக்கு யாருகிட்டயும் முடியாதுன்னு சொல்ல வெக்கம் கெடையாது." என்னைப் பற்றி உம்மா சொன்ன நல்ல வார்த்தை என்று நான் இன்றைக்கும் எண்ணிக்கொண்டிருப்பது அதுதான்.

டாக்டர் அன்று சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு எனக்கு முழுவதும் காட்டினார். ஊசி இல்லாத பெரிய ஊசிக்குழாயில் பால் மருந்தை இழுத்து, பல் இல்லாத கடைவாய் ஓரத்தில் நுழைத்து, தலை அதன் போக்கில் தாழ்ந்தே இருக்க, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். விழுங்கிவிட்டதா என்று தொண்டையைப் பார்த்த பிறகே அடுத்த வாய். முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். துப்பிவிட்டால் உத்தேசமாக இன்னொரு தடவை கொடுக்கவே கூடாது, அடுத்த வேளைவரை காத்திருக்க வேண்டும். தின்றதா, தண்ணீர் குடித்ததா, சாணம் எப்படி என்று பார்த்துவைக்க வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார். "தூளு போட்டா வலி தெரியாது. அதுக்காகக் கால் ஆறிட்டுன்னு நெனைக்கப்படாது. வலி தெரியாம நடந்துச்சுன்னா உள்ள இருக்க எலும்பு கீழ எறங்கிரும். அப்புறம் அது எந்திரிக்காது. நான் சொல்லாம வாசல் தாண்டப்படாது, பாத்துக்கோ."

மருந்தையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைக் கயிற்றால் கட்டி, என் பாய்க்குத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். முதல் நாளே மாமி நான்கு தடவை வந்து "குடுத்தியாளா?" என்று கேட்டாள். வாப்பா கேட்டார். அண்ணாச்சி பால் ஊற்ற வரும்போதெல்லாம் வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தார். சந்தேகம் வந்தால் மறுபடியும் கை நீண்டுவிடும் என்று எனக்குப் பயம். என்னிடம் போன வருஷக் கந்தூரிக் கடையில் வாங்கிய பச்சை ரப்பர் வளையல் ஒன்று இருந்தது. எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டேன்.

"இது வலது கையில கெடந்தா காலை மருந்து குடுக்கலன்னு அர்த்தம். குடுத்ததும் இடது கைக்கு மாத்துவேன். சாயங்காலம் குடுத்ததும் திரும்ப வலது கைக்கு. என்கிட்ட கேக்காதீங்க, கையைப் பாருங்க."

மாமா சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு தெருவில் போனால் முகம் தெரியாதவர்கள்கூட என் மணிக்கட்டைப் பார்த்தார்கள். அதுவரை ஒருவருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருந்த மருந்து கொடுப்பு, ஊரறிய நடக்க ஆரம்பித்தது.

லேசான வேலையாக இருக்கவில்லை. செவலைக்கு வாய்ப்புண், எதை நுழைத்தாலும் பல்லைக் கடித்துக்கொள்ளும். நான் பக்கத்தில் நின்று அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருப்பேன், அது அயர்ந்து வாயை அசைக்கும்வரை நிற்பேன். பள்ளிக்கூட மணி அடிப்பது கேட்கும். போகமாட்டேன். தாமதத்துக்கு வாத்தியார் காரணம் கேட்டபோது, குதிரைக்கு மருந்து கொடுத்தேன் என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் வெளியே நிற்கச் சொன்னார். மறுநாளும் அதே காரணம் சொன்னேன், அன்றும் வெளியே நின்றேன். சில நாளில் அவர் என் கையைப் பார்த்துவிட்டு, உள்ளே போ என்று தலையசைக்கத் தொடங்கினார்.

வாய் ஆறியது. செவலை புல் கடித்தது. டாக்டர் வலித்தூளைப் பாதி அளவில் மறுபடியும் தொடங்கச் சொன்னார். நனைத்த தவிட்டில் உருட்டிக் கொடுப்பேன். ஒரு சாயங்காலம் உருண்டையை மென்றுவிட்டுப் பாதியை மணலில் துப்பியது. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு கீழே விழுந்தது என்று தெரியவில்லை. "இன்னொண்ணு குடுத்துருளா, பாவம் நிக்க மாட்டாம நிக்கி" என்றாள் மாமி. கொடுக்கவில்லை. அந்த அந்தி முழுவதும் செவலை காலை மாற்றி மாற்றி வைத்து நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டின் என் மடியில்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். கயிற்றை அவிழ்க்கவில்லை. மாமி வாய்க்காலில் வாளியை முக்கி மணலை நனைக்க ஆரம்பித்தாள். மறுநாள் காலையில் வழக்கம்போலக் கொடுத்தேன்.

கொடி நாள் வந்தது. காலையிலேயே கந்தூரிக் கமிட்டித் தலைவர் அத்தர் மணக்க லாயத்துக்கு வந்தார். செவலை தொட்டிவரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"நல்லாத்தானே நடக்கு வே. தெரு ஒரு சுத்துதானே. பைய கூட்டிட்டுப் போவோம்."

உள்ளே பெட்டி திறந்து பச்சைப் பட்டு விரிப்பு வெளியே வந்திருந்தது. மாமா வாப்பாவின் காதோரம் குனிந்தார். "மச்சான், இன்னைக்கு மட்டும் ரெண்டு பொட்டலம் கூடப் போடச் சொல்லுங்க. வலி தெரியாது. நாளைக்கு ஓய்வு குடுத்துக்கிடலாம்."

"குதிர வரலன்னா பாத்தியதை போயிரும், தெரியும்லா" என்றார் தலைவர். குரலை உயர்த்தவில்லை. "மேலத்தெருவுல ஒருத்தர் குதிர வச்சிருக்காரு. கேட்டுக்கிட்டே இருக்காரு."

வாப்பா என்னிடம் வந்தார். நான் லாயத்து வாசலில் டின்னை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன். வளையல் இடது கையில் இருந்தது.

"எடும்மா" என்றார்.

"காலை மருந்து குடுத்தாச்சு வாப்பா."

"தெரியும். இன்னும் ரெண்டு எடு."

"மாட்டேன்."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். கண்ணை மூடாமல் நின்றேன். "அது இன்னைக்கு நடந்துரும் வாப்பா. நாளைக்கு எந்திரிக்காது. டாக்டர் சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சு" என்றேன்.

வாப்பா என்னை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். செவலையின் முன்னால் ஈர மணலில் குந்தி, முன்னங்குளம்பைக் கையால் பொத்திக்கொண்டார். செவலை அவருடைய தொப்பியை முகர்ந்தது. வெளியே கொட்டுச் சத்தம் பக்கத்துத் தெருவில் கேட்க ஆரம்பித்தது. அவர் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. எழுந்து வந்து, தலைவரின் முகத்துக்கு நேராக நின்று சொன்னார்.

"இந்த வருசம் செவலை வராது."

"அப்ப பாத்தியதை?"

"போகட்டும். கொடிய நான் நடந்து சுமந்துட்டு வாரேன். அடுத்த வருசத்துக்கு நீங்க யாரை வேணும்னாலும் வச்சுக்கிடுங்க."

விரிப்பை மடித்துத் தலைவரின் கையில் கொடுத்தார். "அவரு குதிரைக்கு விரிப்பு வேணும்லா" என்றார். அதுதான் அந்தப் பட்டு போன விதம். மறுவருஷம் மேலத்தெருக் குதிரையின் முதுகில் அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பாத்தியதை திரும்பி வரவே இல்லை. செவலை பல மாதம் மணலில் நின்று, டாக்டர் சொன்ன பிறகு வாசல் தாண்டி, வண்டியில் பூட்டப்பட்டு, கொஞ்சம் காலைச் சாய்த்து வைத்தபடி, நான் பெரியவளாகும்வரை ஜங்ஷன் ரோட்டில் ஓடியது. பாத்தியதையா செவலையா, எது பெரியது என்று வாப்பாவிடம் நான் கேட்டதில்லை.

அன்று ஊர்வலம் எங்கள் வாசலைக் கடந்தபோது வாப்பா வெறுங்காலோடு முன்னால் நடந்தார். கொடிக்கம்பு தோளில் அழுந்தியிருந்தது. குதிரை எங்கே என்று கேட்டவர்களை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொள்ளும் கருப்பட்டியுமாகக் கிண்ணங்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தன. மாமி முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு லாயத்துக்குப் போகும் சந்துவழியை அடைத்து நின்றாள். "எல்லாத்தையும் என்கிட்ட குடுங்க. உங்க நேர்ச்சையை அல்லா இங்கனயே எடுத்துக்கிடுவான். உள்ள ஒரு கைதான் போகும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அண்ணாச்சி அவளுக்குப் பக்கத்தில் நின்று கிண்ணங்களை வாங்கி அண்டாவில் கொட்டினார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு வாப்பா வந்தார். பாதம் இரண்டும் கொப்புளம். நேரே லாயத்துக்கு வந்தார். முதலில் என் கையைத்தான் பார்த்தார். வளையல் இடது கையில் இருந்தது.

"நேரமாச்சுல்லா" என்றார்.

கை கழுவி, தவிட்டை உருட்டி, செவலைக்கு நீட்டினேன். மென்றது. விழுங்கியது. நான் வளையலை வலது கைக்கு மாற்றினேன். வாப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, செவலையின் குளம்புகளுக்குப் பக்கத்தில் தன் கால்களையும் ஈர மணலுக்குள் புதைத்துக்கொண்டார்.

"எனக்கு அந்த டின்னுல எதாவது கெடக்காளா?"

"டாக்டர்ட்ட கேக்காம தர மாட்டேன்" என்றேன்.

சரி என்பதுபோல் தலையசைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.